மிஸ்டு கால் கொடுத்து வரவழைத்த சகுனம்

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி எங்கள் முதலாளி செல்போனை எடுப்பார். ஒரே ஒரு தடவை மணி அடிக்க விட்டு கட் பண்ணுவார். அந்த மிஸ்டு கால் போய்ச் சேருகிற இடம், தெருவின் அந்தக் கோடியில் நிற்கும் ஆட்டோ. ஆட்டோவுக்குள் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, மடியில் தளும்பத் தளும்ப ஒரு பித்தளைக் குடத்தோடு அவர் மனைவி விசாலாட்சி அம்மாள் உட்கார்ந்திருப்பார்.

போன் அடித்ததும் அம்மாள் இறங்குவார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னமோ பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நடந்து வருவார். இந்தக் கோடியிலிருந்து முதலாளி மொபெட்டில் கிளம்புவார். கம்பெனி கேட்டுக்கு நேராக இரண்டு பேரும் எதிரெதிரே வந்து சேருவார்கள்.

முதலாளி பிரேக் போடுவார். கண்ணை அகல விரிப்பார்.

"அட! நிறைகுடம் எதுக்க வருதே! நல்ல சகுனம்டா கோவிந்தா!"

ஒவ்வொரு தடவையும் அதே ஆச்சரியம். கட்டிய பெண்டாட்டி, காலையில் காபி ஆற்றிக் கொடுத்த பெண்டாட்டி, ஆட்டோவுக்குக் காசும் இவரே கொடுத்து அனுப்பிய பெண்டாட்டி. அவரை எதிரில் பார்த்துவிட்டு மனிதர் மெய்சிலிர்த்துப் போவார். சூளைக்காரர் கோவிந்தண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க, ரொம்ப நல்லதுங்க" என்பார். நாங்கள் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவோம்.

சூளை பற்ற வைக்கிற நாளிலும், ஆறிய சூளையைப் பிரிக்கிற நாளிலும் இந்தக் கூத்து தவறாது. செல்போன் வருவதற்கு முன்னால் எல்லாம் குத்துமதிப்பில்தான் நடந்ததாம். ஒரு நாள் அம்மாள் சீக்கிரம் கிளம்பிவிட்டார். முதலாளி வடையைத் தின்றுகொண்டிருக்கும்போதே குடத்தோடு டீக்கடை வாசலில் வந்து நின்றுவிட்டார் என்று கோவிந்தண்ணன் சொல்வார். விஞ்ஞான வளர்ச்சியால் எங்கள் கம்பெனிக்குக் கிடைத்த லாபம், சகுனம் நேரத்துக்கு வந்ததுதான்.

பின் கேட்

நான் அங்கே அச்சு செக்‌ஷனில் இருந்தேன். கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து எடுக்கிற வேலை. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். விருத்தாசலத்தில் சாயங்கால பஸ்ஸில் ஏறினால், புருவத்தில் படிந்த வெள்ளையை வைத்தே யார் யார் பீங்கான் கம்பெனி ஆள் என்று சொல்லிவிடலாம். எங்களுடையது சின்னக் கம்பெனி. பாதி நாள் கரண்ட் போர்டில் மாட்டுகிற பியூஸ் கேரியர் போடுவோம், பாதி நாள் பொம்மை.

பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள் அஞ்சலை. என்னைவிடச் சின்னவள். புருஷன் கரும்பு லாரியில் போனபோது விபத்தில் செத்துப்போனான். ஒரே பெண், பத்தாவது படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணைப் படிக்க வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அஞ்சலைக்கு வேறு பேச்சே கிடையாது. இந்த வேலை போனால் வெயிலில் களை எடுக்கப் போக வேண்டும், அதற்கும் வருஷம் முழுக்க ஆள் கூப்பிட மாட்டார்கள்.

சூளை நாட்களில் அஞ்சலை முன் கேட்டில் வரக் கூடாது. தாலி இல்லாதவள் முதலாளி கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். பின்பக்கம், கழிவுக் களிமண் தேங்கிக் கிடக்கிற குழியை ஒட்டி ஒரு தகரக் கதவு இருந்தது. புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அந்த வழியாக வர வேண்டும்.

வந்து உட்கார்ந்து என்ன செய்வாள்? பிள்ளையாருக்குக் கண் திறப்பாள். முதலாளியின் பூஜை அறையிலேயே அவள் கண் எழுதிய பிள்ளையார்தான் இருந்தது. சாமிக்குக் கண் கொடுக்கலாம், முதலாளி கண்ணில் மட்டும் படக் கூடாது. நல்லா இருக்குது நியாயம் என்று நான் சொல்வேன். அஞ்சலை பிரஷ்ஷை நாக்கில் தொட்டுக் கூராக்கிக்கொண்டே, "சும்மா இரு அக்கா, காதுல வுழப் போவுது" என்பாள்.

பறவையாக இருந்த வார்த்தை

இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்தபோது அகராதியை எடுத்துப் பார்த்தேன். சகுனம் என்றால் வரப்போகிற நன்மை தீமையை முன்கூட்டிக் காட்டும் குறி என்று போட்டிருக்கிறது. அதன் பக்கத்திலேயே பறவை என்றும் போட்டிருக்கிறது. பழைய தமிழிலும் அப்படித்தானாம். புள் என்றால் பறவை, சகுனத்துக்கும் அதே பெயர். பறவை எந்தப் பக்கம் போகிறது, எங்கிருந்து குரல் கொடுக்கிறது என்று பார்த்துக் காரியத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள்.

விரிச்சி என்று இன்னொரு வார்த்தை கண்ணில் பட்டது. போனவர் திரும்பி வருவாரா, எடுத்த காரியம் முடியுமா என்று தவிக்கிறவர்கள் ஊர் ஓரத்தில் போய் நிற்பார்களாம். சம்பந்தமே இல்லாத யாரோ எதேச்சையாகப் பேசுகிற பேச்சைக் காதில் வாங்கி, அதிலிருந்து மனசைத் தேற்றிக்கொள்வார்களாம். பாவம், அவர்களை நான் திட்ட மாட்டேன்.

பறவையைப் பார்த்தவர்களையும் திட்ட மாட்டேன். பறவைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, அது பாட்டுக்குப் பறந்து போயிருக்கும். ஆனால் எந்தக் காலத்தில் இந்த வார்த்தை பறவையை விட்டு இறங்கி வந்து பொம்பிளை தலையில் உட்கார்ந்தது? அதை எந்த அகராதிக்காரரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் ஊரில் அந்த வார்த்தை எப்போது வாயில் வருகிறது என்று கவனியுங்கள். கிளம்புகிறவனை "எங்க போறீங்க" என்று கேட்டால் சகுனத்தடை. கேட்டவள் அசடு வழிய நிற்க வேண்டும். பூனை குறுக்கே போனால் பைக்கை நிறுத்திக்கொண்டு இன்னொருத்தன் தாண்டிப் போகட்டும் என்று காத்திருப்பார்கள். கெட்டதெல்லாம் அவனுக்குப் போகட்டும் என்று அர்த்தம். என்ன ஒரு நல்ல மனசு! பூனை எலி பிடிக்கப் போகிறது, அதற்கு இவன் கடலூர் கோர்ட் கேஸ் எங்கே தெரியும்?

நான் கிறிஸ்தவச்சி, எங்கள் வீட்டில் இதெல்லாம் கிடையாது என்று பெருமை அடிக்க ஆசைதான். எங்கே? என் அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டே சுவரில் பல்லி எந்தத் திசையில் சொல்கிறது என்று காதைத் தீட்டுவாள். மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது யாராவது தும்மினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பங்குச் சாமியார் சகுனம் பார்ப்பது பாவம் என்று பிரசங்கம் வைத்த ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

பியூஸ் கேரியர் வாங்க மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பாய் வருவார். அவரிடம் ஒரு தடவை கேட்டேன். "எங்க மார்க்கத்துல சகுனம் பாக்கவே கூடாதும்மா" என்றார் கம்பீரமாக. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க மாமியார் பாப்பாங்க" என்றார். மனுஷன் உண்மையைச் சொன்னார்.

ஜோசியர் குறித்த சூடு

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

நவராத்திரிக்கு முந்தின மாதம். சூளை நிறையக் கொலு பொம்மை. பாண்டிச்சேரிக் கடைக்காரர் தினம் போன் பண்ணிக்கொண்டிருந்தார். நெருப்பை நிறுத்தியிருந்தோம், சூளை ஆறிக்கொண்டிருந்தது. ஆற வேண்டிய நேரத்துக்கு ஆறத்தான் வேண்டும். அவசரப்பட்டு வாசலைப் பிரித்தால் குளிர்ந்த காற்று உள்ளே போய் எல்லாம் விரிசல் விட்டுவிடும். பீங்கான் கம்பெனியில் ஒரு வாரம் கூட்டிப் பெருக்கினவர்களுக்கும் இது தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

ஆனால் நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஜோசியரைப் பிடித்து வைத்திருந்தார். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அன்றைக்கு மதியத்துக்குள் பிரித்தால் உண்டு, விட்டால் அஷ்டமி, அப்புறம் நவமி, அதற்கு மறுநாள் கரிநாள் என்று சொல்லிவிட்டார்.

"சூடு இருக்குதுங்க. நாளைக்கிப் பிரிக்கலாங்க" என்றார் கோவிந்தண்ணன்.

"நாளைக்கி அஷ்டமிடா."

"அஷ்டமியில பிரிச்சா பொம்மைக்கு என்னாங்க ஆவப் போவுது?"

"நீ கம்முனு இரு. நேரம் நல்லாருந்தா எல்லாம் நல்லாருக்கும்."

மிஸ்டு கால் போயிற்று. அம்மாள் குடத்தோடு வந்தார். முதலாளி ஆச்சரியப்பட்டார். எல்லாம் முறைப்படி நடந்தது. முதலாளி உள்ளே வந்து, கற்பூரம் காட்டி, சூளை வாசலை அடைத்திருந்த செங்கல்லில் கையை வைக்கப் போனார். சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை முன் கேட்டில் நுழைந்தாள். ராத்திரி பெய்த மழையில் பின்பக்கக் குழி நிரம்பி, தகரக் கதவு பாதி வரை சேற்றில் முழுகிக் கிடந்தது. சுற்றி வந்துவிட்டாள். போதாக்குறைக்குக் குடிதண்ணீர் பிடிக்கிற முறை அன்றைக்கு அவளுடையது, இடுப்பில் காலிக் குடம்.

முதலாளி முகம் செத்துவிட்டது. "யாரு உன்னை இந்தப் பக்கம் வரச் சொன்னது?" என்று கத்தினார். அஞ்சலை குடத்தை முந்தானையால் மறைக்கப் பார்த்தபடி சுவரோரம் ஒதுங்கினாள். குடத்தை எங்கே மறைப்பது?

அப்போதுகூட நிறுத்தவில்லை. சகுனத்துக்குப் பயந்தாவது அன்றைக்குச் சூளையைப் பிரிக்காமல் போயிருக்கலாம். அஷ்டமி பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது போலிருக்கிறது. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து கல்லைப் பிடுங்கினார்.

உள்ளேயிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. டிக். டிக். கொஞ்ச நேரம் விட்டு, டிக் டிக் டிக் என்று நாலு பக்கமிருந்தும். பிள்ளையார், கிருஷ்ணர், செட்டியார், செட்டிச்சி, எல்லாரும் வரிசையாக வெடித்தார்கள். கோவிந்தண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியா?" என்றார் முதலாளி. அவர் பார்த்தது சூளையை இல்லை, அஞ்சலையை. "நாளையிலேருந்து வராதே."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏங்க, அதுக்கு முன்னாடி அம்மா நிறைகுடத்தோட வந்தாங்களே. அந்தச் சகுனம் எங்கங்க போச்சு?"

விசாலாட்சி அம்மாள் குடத்தோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்து அஞ்சலைக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாளோ, "இவ வந்ததுல எல்லாம் அடிபட்டுப் போச்சு" என்றார்.

அஞ்சலை பிரஷ்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அப்போதும் பழக்கதோஷம், கால் பின் கேட் பக்கம் திரும்பியது. சேறு ஞாபகம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு முன் கேட் வழியாகவே போனாள்.

மாறுகண் பிள்ளையார்

கண் எழுத முதலாளி தன் மைத்துனரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். ராசியான கை என்று பேர். அவர் எழுதிய பிள்ளையாருக்கு ஒரு கண் கொழுக்கட்டையைப் பார்த்தது, இன்னொரு கண் எலியைப் பார்த்தது. சரஸ்வதி யாரையோ முறைத்தாள். பாண்டிச்சேரிக் கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். மற்றதை இறக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆளைக் கூப்பிட்டு வர முதலாளி என்னைத்தான் அனுப்பினார். தானே போனால் கௌரவம் என்ன ஆவது? கருவேப்பிலங்குறிச்சியில் கரும்புக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள் அஞ்சலை. கரும்புச் சோகையின் ஓரம் அறுத்து முழங்கையெல்லாம் கோடு கோடாகக் கிடந்தது.

"வரச் சொன்னாருடி."

"முன் கேட்டுல வுடுவாராக்கா?"

"மத்த நாள்ல வுடுவாராம். சூளை நாள்ல மட்டும் பின்னாடியாம்."

சிரித்தாள். "அப்ப நான் பாதி அபசகுனம்ங்கறாரு."

"வராதடி. கெடந்து அல்லாடட்டும் அந்தாளு" என்றேன். எனக்குப் புருஷன் இருந்தான், மாதச் சம்பளம் வாங்கினான், சொல்வதற்கு என்ன?

அவள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "பொண்ணு பன்னெண்டாவது முடிக்கணும்க்கா. சேறு கழுவுனா போயிடும்."

மறுநாள் வந்தாள். அதற்குப் பிறகு எல்லாச் சூளை நாளிலும் பின் கேட் வழியாகவே வந்தாள்.

யார் எதிரில் வந்தார்கள்?

சில வருஷம் ஓடிற்று. ஒரு நாள் சூளை பற்ற வைத்தோம். மிஸ்டு கால், ஆட்டோ, நிறைகுடம், ஆச்சரியம், எதிலும் குறை இல்லை. அன்று மத்தியானம் முதலாளி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவாக்கில் நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை.

சாவு வீட்டில் கூட்டம். முதலாளியின் அக்காள் ஒப்பாரிக்கு நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டே ஆரம்பித்தார்: "காலையில நல்லாத்தான கெளம்புனான்! எந்தப் பாவி எதுக்க வந்தாளோ!"

சொல்லிவிட்டுக் கும்பலைச் சுற்றிலும் பார்த்தார். அவர் கண் அஞ்சலையிடம் வந்து நின்றது. அஞ்சலை அன்றைக்குப் பின் கேட்டில் வந்தவள், அது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு எதிரில் வந்தது யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

விசாலாட்சி அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டார். மூலையில் அந்தப் பித்தளைக் குடம் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் வெளியூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான், வர மாட்டேன் என்றுவிட்டான். கம்பெனியை அம்மாளே எடுத்து நடத்துவது என்று முடிவாயிற்று. துக்கமெல்லாம் முடிந்து முதல் சூளை. பற்ற வைக்க அம்மாள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் முன் கேட்டில் நின்றோம். கோவிந்தண்ணன் கற்பூரத் தட்டோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ வந்த சத்தம் கேட்டது, ஆனால் ஆட்டோ வரவில்லை.

பின்பக்கம் தகரக் கதவு கிறீச்சிட்டது.

வெள்ளைச் சேற்றில் முழங்கால் வரை நனைந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு விசாலாட்சி அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் செருப்பு குழியிலேயே போய்விட்டது. யாரும் அவரை அந்த வழியில் வரச் சொல்லவில்லை.

எனக்குள் ஒரு பிசாசு இருக்கிறது. நல்லா வேணும் என்றது. அஞ்சலை என்ன சொல்லப் போகிறாள் என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன். கேட்பதற்கு அவளிடம் எத்தனை வருஷத்துக் கேள்வி இருந்தது!

அஞ்சலை பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து போனாள். அம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க வழுக்கும்மா. பழகுன எனக்கே வழுக்கும். முன்னால வாங்க."

"வேணாம் அஞ்சல. சூளை நாளு."

"தெரியுதும்மா. வாங்க."

வந்த சேற்று வழியாகவே திரும்ப அழைத்துக்கொண்டு போனாள். சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் தெருவில் வந்தார்கள். ஒருத்திக்கு வலது கால் செருப்பு இல்லை, இன்னொருத்தி தன்னுடையதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். முன் கேட்டைத் தாண்டி, நேராகச் சூளைக்கு எதிரில் வந்து நின்றார்கள்.

கோவிந்தண்ணன் பந்தத்தைப் பிடித்தபடி தயங்கினார். அத்தனை வருஷப் பழக்கம். "எதுக்க யாராச்சும்..." என்று இழுத்தார்.

"நாங்கதான் நிக்கிறோமே. பத்த வைண்ணே" என்றாள் அஞ்சலை.

பற்ற வைத்தார்.

அந்தச் சூளை எப்படி வந்தது, பொம்மை நன்றாக வெந்ததா, வெடித்ததா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். நன்றாக வந்தது என்றால் அவர்கள் இருவரும் நல்ல சகுனம் என்பீர்கள். வெடித்தது என்றால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆற வேண்டிய நேரம் வரைக்கும் ஆறவிட்டுப் பிரித்தோம். அதை மட்டும் சொல்கிறேன்.